வெரிக்கு மேலே

"டீச்சர், 'வெரி'க்கு மேலே என்ன வார்த்தை இருக்கு?"

கேட்டவர் தணிகாசலம். ஒரு கல்லூரியில் பதினெட்டு வருடமாக அலுவலக உதவியாளர். தையல்கடை மாடியில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தும் ஷாஹிதாவிடம் கேட்டார். அந்த டீச்சர் அவருடைய மகளைவிடச் சின்னவர். இருவருக்குமே அது ஒரு பொருட்டாக இல்லை.

"எதுக்கு அண்ணே?"

"மெமோ குடுத்துட்டாங்க. நாளைக்குள்ள இங்கிலீஷ்ல விளக்கம் எழுதித் தரணும். பிரின்சிபாலுக்குத் திருப்தி இல்லைன்னா வேலை போயிடும்."

தாளை நீட்டினார். 'ஐ ஆம் வெரி வெரி சாரி' என்று தொடங்கியது. முடிந்ததும் அப்படித்தான்.

"எக்ஸ்ட்ரீம்லி இருக்கு" என்றார் ஷாஹிதா.

எழுதினார். "இன்னும் மேலே?" என்றார் தணிகாசலம்.

"டெரிப்ளி."

"அதுக்கும் மேலே?"

"டீப்லி போடலாம்."

தணிகாசலம் ஒன்றையும் விடவில்லை. கிடைத்ததை வீணாக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே 'சாரி'க்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, டீச்சரிடம் கொடுத்தார்.

ஷாஹிதா படித்தார். எழுந்து நின்று தலை குனிந்துகொண்டார்.

வகுப்பிலிருந்த நாலு பேரும் எழுந்தார்கள். தணிகாசலமும் எழுந்தார். மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது.

ஒரு நிமிடம் கழித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"யாரு டீச்சர் தவறிட்டாங்க?"

"அதைத்தான் நானும் கடிதத்துல தேடினேன் அண்ணே. காணோம்."

நாலு பேரும் சிரித்தார்கள். தணிகாசலத்துக்கு அவமானமாக இருந்தது.

"என்னதான் பண்ணீங்க?"

"மோட்டாரைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். தொட்டி வழிஞ்சு லைப்ரரிக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு. நாப்பது புத்தகம் நனைஞ்சு போச்சு."

"அது இதுல எங்கே இருக்கு?"

தணிகாசலம் மேலிருந்து கீழே தேடினார். தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தையும் பார்த்தார்.

பிறகு வேறு தாள் எடுத்தார். தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினார். மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன். நாற்பது புத்தகங்கள் நனைந்துவிட்டன. ஐ ஆம் சாரி.

முக்கால் தாள் வெறுமையாகக் கிடந்தது. 

"டீச்சர், இதைக் குடுக்கப் பயமா இருக்கு."

"ரொம்பவா?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"பயமா இருக்கு டீச்சர்."

ஷாஹிதா தன் பேனாவை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க அண்ணே."