அட்டை மாட்டாதவர்

எஸ்தரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த மாசிலாமணி, வயதில் குருவைவிட மூத்த சிஷ்யர். அவர் “மேடம்” என்பார், எஸ்தர் “சார்” என்பார். அதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அன்று மாசிலாமணி ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு மூச்சு கொடுக்கும் இயந்திரங்களுக்குள் ஓடும் இயங்குதள மென்பொருள் அவர்கள் கம்பெனியுடையது. முந்தின நாள் ஓர் இயந்திரம் நடுவில் நின்றுவிட்டது. நர்ஸ் பக்கத்தில் இருந்ததால் ஓர் உயிர் தப்பியது. அடுத்த முறை நர்ஸ் இல்லாவிட்டால் என்று நினைத்து, இரவெல்லாம் நிரலைத் துருவிவிட்டு எஸ்தரிடம் வந்தார்.

“கம்ப்யூட்டர் நினைவகத்துல ஒரு இடத்தை எத்தனை பேர், அதாவது நிரலோட எத்தனை பகுதிகள், வெச்சிருக்காங்கன்னு எண்ணுறோம் மேடம். வர்றவங்க ஒண்ணு கூட்டணும், போறவங்க ஒண்ணு குறைக்கணும். பூஜ்யமானா அந்த இடத்தை வேற யாருக்காவது கொடுத்துடுறோம். ஆனா ஒருத்தர் இன்னும் வெச்சிருக்கும்போதே பூஜ்யமாயிடுது, மெஷின் நின்னுடுது. யாரோ ரெண்டு தடவை குறைக்கிறாங்க. குறைக்கிற இடமெல்லாம் சலிச்சுப் பார்த்துட்டேன். ஒண்ணும் சிக்கலை.”

“வாங்க சார், சர்வர் ரூம் வரைக்கும் போயிட்டு வரலாம்.”

அந்த அறை வாசலில் ஒரு பலகை உண்டு. உள்ளே போகிறவர் தன் பெயர் அட்டையை அதில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் கழற்ற வேண்டும். பலகை காலியானால், கடைசியாக வெளியே வந்தவர் விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, தீயணைக்கும் வாயுவைத் தயார் நிலையில் வைத்துவிட்டுப் போவார். அந்த வாயு மனிதர்களின் மூச்சையும் அணைத்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

எஸ்தர் தன் அட்டையை மாட்டினார். மேடம் கூடத்தானே போகிறோம் என்று மாசிலாமணி பின்னாலேயே நுழைந்தார். கூடப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான்.

“கடைசி வரிசைல அந்த ஒயரைக் கொஞ்சம் பாருங்க சார்.”

அவர் குனிந்தார். விளக்கு அணைந்தது. கதவு பூட்டும் சத்தம் கேட்டது.

“மேடம்?”

விசிறிகளின் இரைச்சல் மட்டும்தான். தலைக்கு மேல் வாயுக் குழாய்கள் இருப்பது ஞாபகம் வந்தது. தட்டுத் தடுமாறி, முட்டியை இடித்துக்கொண்டு, கதவைக் கண்டுபிடித்து இரண்டு கையாலும் அறைந்தார். மனைவியைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த அம்மாள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்திருப்பார், பாவம்.

கதவு திறந்தது.

“உயிரே போயிடுச்சு மேடம். நான் உள்ள இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும் சார். அதான் வாயுவை நான் தொடலை. பலகைக்குத் தெரியுமா?”

மாசிலாமணி பலகையைப் பார்த்தார். காலி. அவருடைய அட்டை சட்டைப் பையிலேயே இருந்தது.

“நீங்க எத்தனை அட்டையைக் கழட்டினீங்க?” என்றார், முட்டியைத் தடவிக்கொண்டே.

“என்னோடதை மட்டும்தான் சார். ஒரே தடவை.”

“அப்போ யாரும் ரெண்டு தடவை குறைக்கலை மேடம், யாரோ கூட்டாமலே உள்ள வந்திருக்காங்க,” என்று மாசிலாமணி தன் இடத்துக்கு ஓடினார்.