கூப்பாட்டுப் பாறை

அந்த மலைமடத்தில் கடிகாரம் கிடையாது. பனிதான் நேரம் சொல்லும். அதுவும் ஒழுங்காகச் சொல்லாது. சில நாள் மத்தியானம் வரைக்கும் விடியாமலே இருக்கும். பக்கத்தில் நிற்பவர் கரைந்துபோய், அவர் பேச்சு மட்டும் மிச்சமிருக்கும்.

அடிவாரத்திலிருந்து மடத்துக்குப் பாதி தூரம்தான் பாதை. அதற்கு மேல் வெறும் பாறைச் சரிவு, ஒரு பக்கம் பள்ளம். ஏறி வருகிறவர் பாதை முடியும் இடத்தில் நின்று குரல் கொடுக்க வேண்டும். மேலே கூப்பாட்டுப் பாறையில் நிற்பவர் பதில் குரல் கொடுப்பார். வருகிறவர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். அவர் வந்து சேரும்வரை கூப்பிடுவதை நிறுத்தக் கூடாது. பதில் வராவிட்டால் அவர் இறங்கிப் போய்விட வேண்டும். ஒரு காலத்தில் மணி கட்டிப் பார்த்தார்கள். சத்தம் எதிர்மலையில் முட்டி எல்லாப் பக்கமும் கேட்டது. கழற்றிவிட்டார்கள்.

மடத்தில் இருந்த பதினொரு பேரும் முறை வைத்து அந்தப் பாறையில் நிற்பார்கள். தணிகைவேல் மட்டும் நின்றதில்லை. அவர் வந்து எட்டு மாதமாகிறது. முறை வரும்போதெல்லாம் தொண்டை கட்டியிருக்கிறது என்பார். அவ்வளவு தொண்டைக்கட்டு உலகத்தில் யாருக்கும் வந்திருக்காது.

மடத்தின் குரு நிறைமதி, தணிகைவேலைவிட ஒன்பது வயது இளையவர். எல்லோரும் குருவை அம்மா என்பார்கள். அம்மா தணிகைவேலை அண்ணே என்பார். புதிதாக வருகிறவர்கள் யார் குரு, யார் சீடர் என்று குழம்பிப்போவார்கள்.

ஒருநாள் இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"அம்மா, ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க அண்ணே."

"என்னைக் கேலி பண்ணினவங்க இப்ப எங்க இருக்காங்கன்னே தெரியாது. முப்பது வருஷமாச்சு. ஆனா எங்க யார் சிரிச்சாலும் எனக்கு முதுகு விறைச்சுப்போகுது. அது ஏன் இன்னும் விடல?"

"என்ன பண்ணினாங்க?"

தணிகைவேல் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எட்டாம் வகுப்பில் அவர் குரல் மெல்லியதாக இருந்தது. எழுந்து பாடம் வாசித்தால் வகுப்பே அந்தக் குரலில் திருப்பி வாசிக்கும். நடந்தால் பின்னால் இரண்டு பேர் அதேபோல் நடந்து காட்டுவார்கள். வாத்தியாரும் சிரித்தார். வீட்டில் அப்பா, "ஆம்பளை மாதிரி பேசுடா" என்றார். அன்றிலிருந்து தினமும் கிணற்றுக்குள் தலையை நீட்டிக் கனத்த குரல் ஒன்றைப் பழகினார். பிறகு அந்தக் குரலிலேயே வாழ்ந்தார்.

"தேவநேசன்னு ஒருத்தன். ரெண்டு பேரும் ஆறு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். என் உயிரு அவன். ஆனா தெருவுல அவனுக்குப் பத்தடி முன்னால நடப்பேன். யாராவது கேட்டா, கூடத் தங்கியிருக்காருன்னு சொல்லுவேன். ஒருநாள் அவன், 'வேலு, நீ தூக்கத்துல பேசுற. அந்தக் குரல் எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அன்னிலிருந்து தனி அறையில படுத்தேன். அப்புறம் இங்க வந்துட்டேன்."

அம்மா ஒரு பூச்சி அரித்த இலையைத் தனியே போட்டார்.

"முன்ன வந்தப்ப நான் போய்ப் பார்க்கல. இப்ப லெட்டர் போட்டிருக்கான். வியாழக்கிழமை வர்றானாம். இந்தத் தடவையும் பார்க்க முடியலன்னா இனிமே வர மாட்டானாம்."

"உங்களுக்குப் பார்க்கணும்னு இருக்கா?"

"இருக்கு அம்மா. ரொம்ப இருக்கு."

"வியாழக்கிழமை பாறை முறை உங்களுது."

"அம்மா, தொண்டை..."

"கட்டட்டும். நானும் கூட வர்றேன்."

கேட்ட கேள்விக்குப் பதிலே வரவில்லை என்று தணிகைவேலுக்கு மனத்தாங்கல். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை மலை இருந்த இடத்தில் மலை இல்லை. பாறை இருப்பது காலுக்கு மட்டும் தெரிந்தது. வெள்ளைக்குள் இருவரும் நின்றார்கள். எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று சொல்ல முடியாது.

கீழே எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

"மேல யாராவது இருக்கீங்களா?"

தணிகைவேல் கனத்த குரலில், "இங்க... இங்கதான்" என்றார். அது பஞ்சு மூட்டையில் விழுந்த கல் மாதிரி அங்கேயே நின்றுவிட்டது.

"யாராவது இருக்கீங்களா?"

மறுபடி முயன்றார். அடிவயிற்றிலிருந்து இழுத்துப் பார்த்தார். பனி அதையும் வாங்கிக்கொண்டது.

"அம்மா, நீங்க கூப்பிடுங்க. உங்க குரல் போகும்."

"என் முறை நேத்தே முடிஞ்சிடுச்சு அண்ணே."

"அவன் போயிடுவான்."

"ஆமா. போயிடுவாரு."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாற்பத்து நாலு வயது மனிதர், பாடம் வாசிக்க எழுப்பிவிட்ட பையன் மாதிரி நின்றார்.

"சரி, நான் இறங்குறேன்" என்றது கீழேயிருந்த குரல்.

"தேவா..."

எப்படி வந்தது என்று தணிகைவேலுக்கே தெரியவில்லை. மெல்லியதாக, நீளமாக, ஓரத்தில் கொஞ்சம் நடுங்கிக்கொண்டு அது பனிக்குள் போனது. போய்க்கொண்டே இருந்தது. அது யாருடையது என்று ஒரு கணம் அவரே திரும்பிப் பார்த்தார்.

கீழேயிருந்து, "வேலு?"

"தேவா, இந்தப் பக்கம். இப்படியே வா."

கல் உருண்டது. காலடி ஏறியது. அவர் கூப்பிடக் கூப்பிட அது பக்கத்தில் வந்தது. கண்ணீர் வழிவதைத் துடைக்காமல் கூப்பிட்டார்.

அப்போது பனிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆண்பிள்ளைச் சிரிப்பு, வாய்விட்ட சிரிப்பு.

தணிகைவேல் வாயை மூடிக்கொண்டார். முதுகு விறைத்தது. காலடியும் நின்றது.

"அம்மா, சிரிக்கிறான்."

"கேட்டுது."

"அவனும் சிரிக்கிறான் அம்மா."

அம்மா சரிவு இருந்த பக்கம் பார்த்தார். அங்கே வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை.

"எதுக்குச் சிரிக்கிறாருன்னு இங்கிருந்து எனக்கும் தெரியல அண்ணே. வந்ததும் கேட்டுக்குங்க. இப்ப நடுச் சரிவுல நிக்கிறாரு. கூப்பிடுங்க."