நாற்பத்தேழாவது வளைவு

இந்தக் கதையில் வருகிற குருவுக்குத் தாடி இல்லை. காவி இல்லை. ஆசிரமமும் இல்லை. நாமக்கல்லில் ஒரு சைக்கிள் கடை மட்டும் உண்டு. நகத்தடியில் எந்நேரமும் கிரீஸ் இருக்கும். பெயர் பூங்கோதை, வயசு நாற்பத்தொன்று. அவரிடம் பழகுகிறவர்கள் எல்லாரும், அவரைவிட மூத்தவர்கள்கூட, மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சீடருக்கு வயசு ஐம்பத்தைந்து. கோதண்டம் என்று பெயர். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று முப்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிற மனுஷன்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கையில் ஒரு நோட்டோடு கடைக்கு வந்தார்.

"லீவு கெடச்சிருச்சுங்க மாஸ்டர். நாலு நாள். கொல்லிமலை ஏறப் போறேன்."

மாஸ்டர் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"யாரு கூட?"

"தனியாத்தானுங்க."

நோட்டைப் பிரித்து வைத்தார். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்டுப் பலகை நட்டிருப்பார்கள். கோதண்டம் அந்த நம்பரை எல்லாம் வரிசையாக எழுதி, எதிரே நிமிஷம் போட்டிருந்தார். எங்கே தண்ணீர், எங்கே வாழைப்பழம், எங்கே கடலை மிட்டாய், எந்த வளைவில் எந்த கியர். எல்லாம் இருந்தது.

"இதென்ன அண்ணா, மலையா டவுன் பஸ்ஸா?"

கோதண்டம் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"நாப்பத்தாறு இருக்கு. நாப்பத்தெட்டு இருக்கு. நடுவுல ஒண்ணைக் காணோமே?"

மாஸ்டர் நோட்டில் ஒரு தாளைப் பின்னால் புரட்டினார். போன வருஷத்துக் கணக்கு. எழுபது வளைவுக்கும் நேரம் எழுதி, அடியில் ஒரு வரி. 'தேவா – லேட்.'

சக்கரம் நின்றுவிட்டது.

"அதைக் கேக்கத்தான் வந்தேன் மாஸ்டர்," என்றார் கோதண்டம். "அந்த ஒரு வளைவை மட்டும் கால் ஊனாம, பக்கத்துல திரும்பிப் பாக்காமத் தாண்டணும். எப்படின்னு சொல்லிக் குடுங்க."

தேவா யார் என்று சொல்லிவிடுகிறேன். தேவசகாயம், பஸ் டிரைவர். இருபது வருஷமாகத் தினமும் ரெண்டு நிமிஷம் தாமதமாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார். கோதண்டம் தினமும் லேட் என்று எழுதுவார். "நீ எழுதறதுக்காகத்தாண்டா நான் லேட்டா வர்றேன். இல்லாட்டி உனக்கு வேலையே இருக்காதே" என்பார் தேவா. சண்டை முடிந்ததும் ஒரு டீயை ரெண்டாகப் பிரித்துக் குடிப்பார்கள். தேவாவுக்குச் சர்க்கரை வந்தபோது ரெண்டு பேரும் சேர்ந்துதான் மாஸ்டர் கடைக்கு வந்தார்கள், சேர்ந்துதான் சைக்கிள் வாங்கினார்கள்.

மாஸ்டர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது.

"ஏத்தத்துல யாருக்காகவும் நிக்காதீங்க. ஒருத்தர் மூச்சை இன்னொருத்தர் விட முடியாது. அவங்கவங்க வேகத்துல போங்க. மேலே பாக்கலாம்."

மலை ஏறுகிற சைக்கிள்காரர்கள் அடிவாரத்தில் எல்லாரும் சொல்கிற பேச்சுதான். போன ஆயுத பூஜை லீவில், காரவள்ளி அடிவாரத்தில், கோதண்டமும் தேவாவும் ஒருத்தருக்கொருத்தர் அதையே சொல்லிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தார்கள்.

நாற்பது வளைவு வரைக்கும் ஒன்றாகப் போனார்கள். அப்புறம் தேவா பின்தங்கினார். கோதண்டம் மேலே போய்ச் சேர்ந்து, டீ குடித்து, நோட்டை எடுத்துத் தன் நேரத்தை எழுதினார். அடியில், விளையாட்டுக்குத்தான், 'தேவா – லேட்' என்று எழுதினார். போன் போட்டார், போகவில்லை. மலையில் டவர் கிடைக்காது என்று விட்டுவிட்டார். இன்னொரு டீ குடித்தார். முக்கால் மணி நேரம் கழித்து, அன்னாசி ஏற்ற வந்த டெம்போக்காரர் அந்த டீக்கடையில் நிறுத்தினார்.

"கீழே நாப்பத்தேழுல ஒருத்தர் சைக்கிளைச் சாத்தி வெச்சுட்டு உக்காந்திருக்காருங்க. கூப்பிட்டுப் பாத்தேன், பேசல."

தடுப்புச் சுவர்மேல், நம்பர் பலகையில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாராம். மடியில் ஹெல்மெட். நெஞ்சு நின்றுபோய் நேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர்.

ஊரே கோதண்டத்துக்கு ஆறுதல் சொன்னது. "கூட நின்னிருந்தாலும் என்னப்பா பண்ணியிருப்பே?" என்றார்கள். மாஸ்டர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தக் கடையில் யாருக்கும் 'மேலே பாக்கலாம்' என்று அவர் சொன்னதுமில்லை.

தேவாவின் மனைவி ஆரோக்கியமேரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணா, அவரு உங்களை ஒரு தடவைகூடவா கூப்பிடல?"

"இல்லம்மா," என்றார் கோதண்டம். அடக்கத்தன்று கேட்டாள். நாற்பதாம் நாள் கேட்டாள். ரெண்டு தடவையும் அதே பதில். இப்போது வருஷம் திரும்பிவிட்டது. ஆயுத பூஜை முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நினைவுப் பூசை.

மாஸ்டர் நோட்டை மூடினார்.

"பூஜை முடிஞ்ச சனிக்கிழமை போலாம். நானும் வர்றேன்."

"உங்க வேகத்துக்கு நான் எங்கே மாஸ்டர்?"

"என் வேகத்துக்கு இல்ல. தேவா அண்ணன் வேகத்துக்கு."

சனிக்கிழமை காலை தூறல். மலை பாதிக்குமேல் தெரியவில்லை. பூஜை முடிந்து ரெண்டு நாள் ஆகியிருந்தது. அடிவாரத்தில் நின்ற லாரியிலும் பஸ்ஸிலும் கட்டின வாழைக்கன்று வாடித் தொங்கியது. சந்தனம் மழையில் கரைந்து வழிந்தது.

"மேலே பாக்கலாம் மாஸ்டர்." வாய்ப் பழக்கம், கோதண்டம் சொல்லிவிட்டார்.

மாஸ்டர் மிதித்துக்கொண்டு போனார்.

தேவா எப்படி மிதிப்பாரோ அப்படியே மிதித்தார். வளைவுக்கு முன்னால் எழுந்து நாலு மிதி. வளைவு தாண்டியதும் தொப்பென்று சீட்டில் உட்காருவது. அஞ்சு வளைவுக்கு ஒரு வாய் தண்ணீர். கோதண்டம் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். எப்போதும் முன்னால் போனவர் அவர். தேவா இப்படித்தான் திணறித் திணறி ஏறினாரா என்று அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

இருபதாவது வளைவில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பிளான்படி பதினாலு நிமிஷம் லேட்டுங்க."

"எழுதிக்குங்க."

முப்பத்திரண்டில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு தாண்டியது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார். "டைம் கீப்பரே! ஏறிக்க வாய்யா! இன்னிக்கு ஒரு நாள் உன்னைய நான் லேட்டுன்னு எழுதறேன்!"

கோதண்டம் சிரிக்கப் பார்த்தார். மூச்சு வரவில்லை.

நாற்பத்தாறு தாண்டியதும் தலையைக் குனிந்துகொண்டார். ரோட்டை மட்டும் பார்த்தார். மாஸ்டரைத் தாண்டிப் போய்விடலாம் என்று வேகமாக ரெண்டு மிதி மிதித்தார்.

"அண்ணா, நில்லுங்க."

கால் தானாக ஊன்றிவிட்டது. தலையைத் தூக்கினால் எதிரே பலகை. நாற்பத்தேழு.

"உக்காருங்க," என்றார் மாஸ்டர், தடுப்புச் சுவரைக் காட்டி.

"வேண்டாம் மாஸ்டர்."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். சுவர் நனைந்திருந்தது.

"நான் மேலே போறேன். போன வருஷம் நீங்க என்ன செஞ்சீங்களோ அதையே செய்யறேன். சொல்லுங்க, என்ன செஞ்சீங்க?"

"மேலே போயி டீ குடிச்சேன். நோட்டுல எழுதினேன்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி என்ன? ஏறினேன்."

"இங்கிருந்து மேலே போறதுக்குள்ள?"

ஒரு பால் வண்டி வந்தது. போனது. சத்தம் அடங்குகிற வரைக்கும் கோதண்டம் ரோட்டையே பார்த்தார்.

"கூப்பிட்டான்," என்றார்.

மாஸ்டர் சைக்கிளைத் தடுப்புச் சுவரில் சாத்தினார்.

"நான் ஐம்பதுல ஏறிக்கிட்டிருந்தேன். கீழேயிருந்து 'கோதண்டம்'னு ஒரு சத்தம். ஒரே ஒரு தடவைதான். கேலி பண்றான்னு நெனச்சேன். இல்ல... அப்படி நெனச்சுக்கிட்டேன். நேரம் நல்லாப் போயிட்டிருந்துச்சு மாஸ்டர். நின்னா மறுபடி மிதிச்சு ஏத்தறது கஷ்டம். நீங்கதானே சொன்னீங்க, யாருக்காகவும் நிக்காதீங்கன்னு."

"ஆமா," என்றார் மாஸ்டர். "நான்தான் சொன்னேன்."

கோதண்டம் சுவரின் ஈரத்தைக் கையால் வழித்தார்.

"திரும்பிப் பாக்கல. கையை மட்டும் தூக்கிக் காட்டிட்டுப் போயிட்டேன்."

மாஸ்டர் சைக்கிளை எடுத்தார்.

"நான் ஐம்பதுல தெரிவேன். அப்பக் கூப்பிடுங்க. நான் வர்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க."

போய்விட்டார்.

அந்தச் சுவரில் உட்கார்ந்தால் மேல் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். கோதண்டத்துக்கு அது தெரியாது. ஏறும்போது முன் சக்கரத்தையும் கடிகாரத்தையும் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? மாஸ்டரின் மஞ்சள் மழைச்சட்டை நாற்பத்தெட்டில் தெரிந்தது. மரத்துக்குள் மறைந்தது. ஐம்பதில், தலைக்கு நேர் மேலே, மறுபடி தெரிந்தது.

"மாஸ்டர்!"

பாறையில் மோதிக் குரல் திரும்பி வந்தது. மஞ்சள் சட்டை திரும்பவில்லை. இடது கை மட்டும் மேலே போனது. அப்புறம் மேகம் மூடிக்கொண்டது.

கோதண்டம் கடிகாரத்தைப் பார்த்தார். பழக்கம்தான்.

ரெண்டு பஸ் போயிற்று. ஒரு கார் நின்றது. இறங்கினவர்கள் பலகையைச் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாப்பா அவருக்கு டாட்டா காட்டியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. சைக்கிள்காரர் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் இளைப்பாறுகிறார் என்றுதானே நினைப்பார்கள்.

மேலே டயர் சத்தம் கேட்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பைக்காக இருக்கும். காய்கறி வண்டியாக இருக்கும். பார்த்துவிட்டு மறுபடியும் சாய்ந்துகொள்வார். முதுகில் பலகையின் கம்பி சில்லென்று பட்டது.

ஒரு கட்டத்தில் கடிகாரத்தைப் பார்ப்பது நின்றுபோயிற்று. காது மட்டும் மேல்ரோட்டில் இருந்தது.

ரெண்டு மணி நேரத்துக்குமேல் ஆனது. பிரேக் கிறீச்சிட மாஸ்டர் இறங்கி வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டுச் சுவரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேன். ரெண்டு."

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு. நான் கை தூக்கினது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"என்னன்னு நெனச்சீங்க?"

கோதண்டம் குனிந்தார். மடியில் ஹெல்மெட் இருந்தது. எப்போது கழற்றி அங்கே வைத்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

"வர்றீங்கன்னு நெனச்சேன்," என்றார்.

"எவ்வளவு நேரம் அப்படி நெனச்சீங்க?"

கோதண்டம் ரெண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வர்ற வரைக்கும்."

மாஸ்டர், ஒரு பெரிய மனுஷன் அழுகிறதை உற்றுப் பார்க்கக் கூடாது என்று எதிர்ப்பக்கப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் நல்லபடியாக இல்லை.

மேலே இன்னும் இருபத்துமூன்று வளைவு இருந்தது. ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாஸ்டர் எழுந்து ரெண்டு சைக்கிளையும் இறக்கத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

"நாளைக்குப் பூசை," என்றார் கோதண்டம். "அந்தத் தங்கச்சி மறுபடியும் கேக்கும். முகத்தைப் பாத்து எப்படி மாஸ்டர் ஆரம்பிக்கிறது?"

"'நேத்து நான் அங்கே போயி உக்காந்திருந்தேன்மா'ன்னு ஆரம்பிங்க."