முழு மனதுடன்

மலைமேல் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சங்க அலுவலகத்தில் ஞாயிறு மதியம் மார்க்சிய வகுப்பு நடக்கும். நடத்துபவர் அமலோற்பவம். வயது நாற்பத்துமூன்று. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனவர். சங்கத்தில் சேர்ந்த பிறகு தானாகவே படித்தார். மார்க்சியம் என்ற சொல்லை எழுத்துக்கூட்டி வாசிக்கவே ஒரு வாரம் ஆனதாம். அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவரிடம் படிக்க வருபவர்களில் ஒருவர் ஞானசிகாமணி. வயது ஐம்பத்தாறு. தோட்ட நிர்வாகம் நடத்தும் நடுநிலைப்பள்ளியின் தலைமையாசிரியர். நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகம் பாதிக்கு மேல் புரியாமல் போனதால் வகுப்பில் வந்து சேர்ந்தார். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் சார். அமலோற்பவத்துக்கும் சார்தான்.

அன்று வகுப்பு முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். ஞானசிகாமணி மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"தோழர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"மெஷின் தேஞ்சா முதலாளி வேற வாங்கிக்குவான், ஆள் தேஞ்சா வேற ஆளைத் தயார் பண்ண அவனுக்குப் பள்ளிக்கூடம் வேணும்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"முப்பத்தோரு வருஷமா நான் பண்ணினது அதுதானா?"

அவர் குரலில் கோபம் இல்லை.

"நான் வந்தப்ப இங்க எல்லாரும் கைநாட்டு. இன்னிக்கு வயசானவங்க ரெண்டொருத்தரைத் தவிர எல்லாரும் கையெழுத்துப் போடுறாங்க. அது தப்பா தோழர்?"

அமலோற்பவம் டீ குடித்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்:

"நாளைக்குக் காலையில ஏழரைக்குப் பெரட்டுக்களத்துக்கு வாங்க சார்."

தினமும் காலையில் தொழிலாளர்கள் கூடிப் பெயர் கொடுக்கும் இடம்தான் பெரட்டுக்களம். பள்ளியிலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் ஞானசிகாமணி அங்கே போனதே இல்லை. அந்த நேரத்தில் அவருக்குப் பள்ளியில் வேலை இருக்கும்.

திங்கட்கிழமை போய் ஓரமாக நின்றார். பனி விலகவில்லை. பெண்கள் உயர வாரியாக வரிசையில் நின்றார்கள். மேஸ்திரி பேரேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிட்டார்.

"லீதியாள்."

"உள்ளேன் ஐயா."

"பஞ்சவர்ணம்."

"உள்ளேன் ஐயா."

ஞானசிகாமணிக்குக் காது கூசியது. அந்த இழுப்பு அவருக்குத் தெரியும். 'உள்ளேன்' என்பதை உரக்கச் சொல்லி, 'ஐயா'வில் குரலைத் தாழ்த்த வேண்டும். ஒன்றாம் வகுப்பில் அவர் சொல்லிக்கொடுத்தது.

ஒருத்தி தாமதமாக ஓடிவந்தாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவளே போய், பள்ளிக்குப் பிந்தி வரும் பிள்ளையைப் போல, அங்கிருந்த கம்பத்துக்குப் பக்கத்தில் தலை குனிந்து தனியாக நின்றுகொண்டாள்.

பிறகு மேஸ்திரி ஒரு தாளை எடுத்தார். மேல்காட்டில் உள்ள குழந்தைகள் காப்பகத்தை மூடப்போகிறார்கள். இனித் தாய்மார்கள் இரண்டு மைல் இறங்கி ஆற்றோரக் காப்பகத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு வர வேண்டும். 'இதற்கு நாங்கள் முழு மனதுடன் சம்மதிக்கிறோம்' என்று கீழே ஒரு வரி.

"எல்லாரும் படிச்சவங்கதானே? வாசிச்சுட்டுக் கையெழுத்தைப் போடுங்க."

வரிசை நகர்ந்தது. ஒவ்வொருத்தியும் வாசித்தாள், கையெழுத்துப் போட்டாள். முத்து முத்தான எழுத்து. முப்பத்துநான்கு பேர் போட்டார்கள்.

போடாதவர்கள் மூன்று பேர். ஒருவர் அமலோற்பவம். மற்ற இருவரும் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள். "என்ன ஏதுன்னு தெரியாம நாங்க கைநாட்டு வைக்க மாட்டோம்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஞானசிகாமணி லீதியாளை நிறுத்தினார். எட்டாவதில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவள். இப்போது எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்.

"வாசிச்சியாம்மா?"

"வாசிச்சேன் சார்."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார். பாப்பாவைக் கொண்டுபோய் விட ரெண்டு மைல் நடக்கணும்."

"அப்புறம் ஏன் போட்ட?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"கேக்கலாம்னுதான் நெனச்சேன் சார். எந்திரிச்சுக் கேட்டுப் பழக்கமில்லையே."

குறை சொல்வதுபோலச் சொல்லவில்லை. தன்னுடைய தவறு என்பதுபோலச் சிரித்தாள். மேஸ்திரி கூப்பிட்டதும் ஓடினாள்.

அடுத்த ஞாயிறு ஞானசிகாமணி ஒரு கடிதத்தோடு வந்தார். ராஜினாமாக் கடிதம். அமலோற்பவம் அதை நிதானமாக வாசித்தார்.

"நீங்க போயிட்டா அந்த நாற்காலி காலியா இருக்குமா சார்?"

"வேற ஒருத்தர் வருவார்."

"அவர் பெரட்டுக்களத்துக்கு வருவாரா?"

ஞானசிகாமணி கடிதத்தைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஏழாம் வகுப்பில் புத்தகத்தை மூடிவிட்டு, "இன்னைக்கு நீங்க கேளுங்க, நான் பதில் சொல்றேன்" என்றார். பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பீரியடு முழுக்க அப்படியே கழிந்தது. முப்பத்தோரு வருடத்தில் அவர் கண்ட மிக நீளமான பீரியடு அதுதான்.

செவ்வாய்க்கிழமை, கௌசி என்ற பெண் பாதி எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள்.

"சார், எங்கம்மா கையெழுத்துப் போட்ட தாள்ல முழு மனதுடன்னு எழுதியிருந்துச்சாம். அப்படின்னா என்ன சார்?"

அவர் வாயில் பதில் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்? போட்டது அம்மா. அவங்ககிட்டக் கேட்டுட்டு வா. எல்லாரும் கேட்டுட்டு வாங்க."

புதன்கிழமை பாதி வகுப்பு கை தூக்கியது.

"எங்கம்மா அழுதாங்க சார்."

"எங்கத்தை கோவிச்சுக்கிட்டாங்க சார். பெரியவங்க விசயத்துல உனக்கென்னன்னு."

கௌசி கடைசியாக எழுந்தாள். "எங்கம்மாவுக்கு மனசே இல்லையாம் சார். வரிசை நகர்ந்துச்சாம், போட்டுட்டாங்களாம்."

அன்று இரவு வீட்டுக்கு வீடு அதே பேச்சுதான். வியாழக்கிழமை பெரட்டுக்களத்தில் மேஸ்திரி லீதியாள் பெயரைக் கூப்பிட்டார். அவள் "உள்ளேன் ஐயா" என்றாள். கூடவே, "ஒரு கேள்வி இருக்கு ஐயா" என்றாள். குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. மழைநாளில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வழுக்குப் பாதையில் யார் இறங்குவது என்று கேட்டாள். பின்னால் இன்னொருத்தி கேட்டாள். பிறகு யார் கேட்கிறார்கள் என்று தெரியாத அளவுக்கு எல்லாரும் கேட்டார்கள். அன்று காலை ஒரு மணி நேரம் கூடைகள் தரையில் கிடந்தன. மதியம் நிர்வாகம் அந்தத் தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. காப்பகத்தை மூடுவது தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் அறிவித்தது.

சனிக்கிழமை ஞானசிகாமணிக்கு ஒரு மெமோ வந்தது. பாடம் நடத்தாமல் மாணவர்களைத் தூண்டிவிட்டதாகவும், மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தராவிட்டால் வேலைநீக்கம் என்றும் அதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வகுப்புக்கு முன்னதாகவே வந்துவிட்டார். மெமோவை அமலோற்பவத்திடம் கொடுத்தார்.

"பயமா இருக்கா சார்?"

"இருக்கு. ராத்திரியெல்லாம் எழுதிப் பார்த்தேன். நாலு தாளைக் கிழிச்சுப் போட்டேன். மன்னிப்புக் கேக்கற மாதிரியே வருது."

"உம்."

வாசலில் செருப்புகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. லீதியாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல்முறையாக வகுப்புக்கு வந்திருந்தாள். பின்னால் பஞ்சவர்ணம். அதற்கும் பின்னால் இன்னும் சிலர். சாரைப் பார்த்ததும் உட்காருவதா நிற்பதா என்று தயங்கினார்கள்.

ஞானசிகாமணி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முப்பத்தோரு வருஷம் எத்தனையோ பேருக்குக் கட்டுரை திருத்தியிருக்கேன் தோழர். இந்த ஒரு பக்கத்தை என்னால தனியா எழுத முடியலையே."

அமலோற்பவம் மெமோவை மேசையில் எல்லாரும் பார்க்கும்படி விரித்து வைத்தார்.

"தனியாத்தான் எழுதணும்னு உங்களுக்கு யார் சார் சொல்லிக்குடுத்தா?"