ஓரத்தில் ஒட்டிய வெளிச்சம்

வெளிச்சத்தை ஒளித்துவைக்கத் தெரிந்த பெண் ஒருத்தி மேலப்பாளையத்தில் இருந்தாள். பெயர் ஷமீமா. வீடுகளுக்கு, நாடா மாதிரி ஒட்டுகிற எல்.இ.டி. ஸ்ட்ரிப் லைட் போடுவது அவள் தொழில். அவள் வேலை முடித்த கூடத்தில் லைட்டு எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. கூரை மட்டும் சுவரை விட்டுக் கொஞ்சம் மேலே மிதந்துகொண்டிருக்கும். முப்பது வயதைத் தாண்டி ரொம்ப நாள் ஆகவில்லை. ஆனாலும் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளிடம் சீடராகச் சேர வந்தவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது.

பெயர் அருளப்பன். சீரியல் செட் அருளப்பன் என்றால் பாளையங்கோட்டையில் தெரியாத ஆள் கிடையாது. கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம், எதுவானாலும் அவர் லைட்டுதான். கண் கூசினால்தான் அது லைட்டு என்பது அவர் கட்சி.

“அண்ணாச்சிக்கு நான் என்னத்தைச் சொல்லித் தர?” என்றாள் ஷமீமா. “நான் பொறக்கதுக்கு முந்தியே லைட்டு கட்டுனவங்க நீங்க.”

“அது தெருவுல கட்டுத லைட்டு மாஸ்டர். இது வீட்டுக்குள்ள.”

“யார் வீட்டுக்கு?”

“எங்க வீட்டுக்குத்தான்.”

“அப்ப நானே வந்து போட்டுத் தந்துருதேன்.”

“வேண்டாம். எங்கையால போடணும்.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

விஷயம் இதுதான். அவர் மனைவி சலேத்மேரிக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. முதலில் கதவு நிலை வளைந்து தெரிகிறது என்றாள். “நிலை நேராத்தாம்ட்டி இருக்கு, நீதான் கோணலாப் பாக்க” என்று சிரித்தார் அருளப்பன். கொடைக் காலம், தலைக்கு மேல் வேலை. அந்தச் சிரிப்போடு ஒரு வருஷம் ஓடிப்போயிற்று. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். டாக்டர் மேற்கொண்டு அவளுக்கு என்னென்னவோ சொல்லிக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து அருளப்பன் வெளியே நின்று ஜெனரேட்டர்காரனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

பேசுவாள். மீன்குழம்பு வைத்துச் சோறு போடுவாள். ஆனால் அவர் எதிரே வந்து உட்கார்ந்த உடனே முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தையே பார்த்துப் பேசிய பெண். அன்றைக்குச் சிரித்த சிரிப்பை அவள் மறக்கவில்லை என்று அருளப்பன் நினைத்துக்கொண்டார். அவருக்கு அது தாங்கவில்லை.

ஷமீமாவோடு வேலைக்குப் போன முதல் நாள், பாதி கட்டி முடிந்த ஒரு வீட்டில், அவரிடம் ஒரு ஸ்ட்ரிப் ரோலைக் கொடுத்து கூரை விளிம்புக்கு உள்ளே ஒட்டச் சொன்னாள். ஒட்டினார். ஸ்விட்சைப் போட்டாள்.

“எப்படி இருக்கு அண்ணாச்சி?”

அருளப்பன் ஏணியில் ஏறி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஸ்ட்ரிப்புக்கு நேரே தலையை நீட்டிப் பார்த்தார்.

“நல்லா எரியுது.”

“ஸ்ட்ரிப்பு எரியத்தான் செய்யும். சுவரைப் பாருங்க.”

பார்த்தார். சுவரில் ஓர் இடத்தில் வெளிச்சம் திட்டாக இருந்தது, ஓர் இடத்தில் சோர்ந்துபோயிருந்தது. ஸ்ட்ரிப் எங்கே தளர்ந்திருக்கிறது என்பது சுவரில் தெரிந்தது.

அன்று முழுக்க அவர் சுவரைப் பார்த்தார். மறுநாளும் அதே வேலைதான். புதுப் பெயிண்ட் வாசம் அடிக்கும் ஆளில்லாத வீடுகள். ஜன்னல்களில் கார்மேகம். மத்தியானமா சாயங்காலமா என்று தெரியாத மாதிரி ஒரு மங்கல். அந்த மங்கலுக்குள் வெளிச்சம் விளிம்பிலிருந்து கசிந்து, பால் பொங்கி வழிவது போல ஓசையில்லாமல் சுவரில் இறங்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் தான் எந்த வீட்டில் நிற்கிறோம் என்பதே அருளப்பனுக்கு மறந்துபோகும். கொடைக்கு லைட்டு கட்டின இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் இப்படிச் சும்மா நின்று வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. மனம் லேசாகிவிடும். பிறகு சலேத்மேரி ஞாபகம் வரும், மறுபடி கனத்துவிடும்.

“மாஸ்டர், இருக்கதுலயே கூடுதல் வெளிச்சம் எந்த ரோலு?” என்று ஒருநாள் கேட்டார்.

“யாருக்கு?”

“வீட்டுக்குத்தான்.”

“வீட்டுக்கு எதுக்கு அண்ணாச்சி வெளிச்சம்? வீட்டுல இருக்கவங்களுக்குல்லா.”

இது என்ன பதில் என்று அருளப்பனுக்குச் சப்பென்று போய்விட்டது. பொறுத்துப் பார்க்கிற ஆளும் இல்லை அவர். மறுநாளே கடைக்குப் போய், இருப்பதிலேயே பளீரென்ற வெள்ளை ரோல்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஒளித்தெல்லாம் வைக்கவில்லை. கூடத்தின் நாலு சுவரிலும், கண்ணுக்கு நேரே, ரெட்டை வரிசையாக ஒட்டினார். பழக்கம் விடுமா? சாமி படத்தைச் சுற்றி ஒரு வளையம் வேறு.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஸ்விட்சைப் போட்டார். தெருவில் போன ஒருத்தர் நின்று எட்டிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, வீட்டுல விசேஷமா?” என்று கேட்டார்.

“ஏட்டி, வெளிய வா!” என்று கூப்பிட்டார் அருளப்பன்.

அடுப்படியிலிருந்து சலேத்மேரி வந்தாள். வந்த வேகத்தில் கையைக் கண்ணுக்குக் குறுக்கே வைத்தாள்.

“அணைச்சிருங்க.”

“உனக்காகத்தாம்ட்டி போட்டேன்.”

“தெரியுது. அணைச்சிருங்க.”

அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அருளப்பன் ஸ்விட்சை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது. அழுதார்.

விடிந்ததும் மேலப்பாளையம் போனார். ஷமீமா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“மாஸ்டர், ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். இன்னும் எவ்வளவு வெளிச்சம் போட்டா அவ எம்மூஞ்சியப் பாப்பா?”

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். நிலை வளைந்தது, தான் சிரித்தது, அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வது, எல்லாம்.

“கண்ணு எப்படித் தெரியுதுன்னு அவங்ககிட்ட கேட்டீங்களா?”

“கேக்க என்ன இருக்கு? நடுவுல இருட்டா இருக்குங்கா. இருட்டுக்கு லைட்டுதான மருந்து?”

ஷமீமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்.”

கூடத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். ஸ்ட்ரிப்புகளை உரிக்கத் தொடங்கினாள். பசையோடு சுண்ணாம்பும் பேர்ந்து வந்தது. ஒவ்வொரு முறை பேரும்போதும் அருளப்பன் தன் தோலை உரிப்பது போல முகத்தைச் சுளித்தார்.

சுவர் உச்சியில், நாலு பக்கமும், ஒரு மெல்லிய மரப்பட்டையை அடிக்கச் சொன்னாள். அதற்குப் பின்னால் மங்கலான மஞ்சள் ஸ்ட்ரிப்பை, மேலே பார்த்த மாதிரி ஒட்டச் சொன்னாள். வாசல் நிலையின் ஓரத்திலும், அடுப்படிக்குப் போகும் படியின் ஓரத்திலும் அதே போல.

அருளப்பன் ஏணியில் நின்று ஒட்டிக்கொண்டிருந்தார். ஷமீமா தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள். அங்கே அவளும் சலேத்மேரியும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. என்ன பேசினார்கள் என்பது விழவில்லை. ஒருமுறை இரண்டு பேரும் சிரித்தார்கள். தன்னைப் பற்றித்தான் என்று அருளப்பனுக்குப் பட்டது. அப்படித்தான் இருந்திருக்கும்.

வேலை முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வெளியே தூறல். ஷமீமா ஸ்விட்சைப் போட்டாள்.

வீடு மெல்ல எழுந்து நின்ற மாதிரி இருந்தது. லைட்டு எங்கேயும் இல்லை. சுவர்கள் உச்சியில் மட்டும் வெளுத்து, கீழே வர வர மங்கி, தரைக்கு வரும்போது வெளிச்சமா நினைப்பா என்று சொல்ல முடியாதபடி இருந்தன. தூறல் சத்தம்கூட அந்த வெளிச்சத்தில் எங்கோ தூரத்தில் கேட்டது. வாசலும் படியும் தங்கள் ஓரத்தைத் தாங்களே காட்டிக்கொண்டு நின்றன.

சலேத்மேரி வந்தாள். இந்த முறை கையைக் கண்ணுக்கு வைக்கவில்லை. நிலையைப் பிடிக்காமலே படியிறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இது கூசல” என்றாள். சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அருளப்பன் ஷமீமாவைப் பார்த்தார். வீட்டைச் சரி பண்ணிவிட்டாய், இதை என்ன பண்ணப்போகிறாய் என்கிற மாதிரி ஒரு பார்வை.

“கண்ணாடியக் கழட்டிக் கொடுங்க அண்ணாச்சி” என்றாள் அவள்.

கொடுத்தார். ஷமீமா பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்தாள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு வட்டம் வெட்டினாள். கண்ணாடியின் இரண்டு வில்லையிலும் நட்டநடுவில் ஒட்டினாள்.

“போட்டுக்கிடுங்க. அவங்களுக்கு நேரா உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

“உங்க வீட்டம்மா மூஞ்சியப் பாருங்க.”

பார்த்தார். சலேத்மேரியின் சேலை தெரிந்தது. மடியில் வைத்திருந்த கை தெரிந்தது. உச்சியில் நரைமுடி தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை.

“மூஞ்சி இல்ல” என்றார்.

“நல்லாப் பாருங்க.”

உற்றுப் பார்த்தார். உற்றுப் பார்க்கப் பார்க்க ஓட்டைதான் தெரிந்தது. முன்னால் குனிந்தார். மிச்சமிருந்த நரைமுடியும் போயிற்று.

“மாஸ்டர், லைட்டைக் கொஞ்சம் கூட்டுங்க.”

“கூட்டலாம். அதனால ஒண்ணும் ஆகாது.”

அருளப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. நிஜமான பயம். தண்ணீருக்குள் விழுந்தவர் மாதிரி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஆட்டுகிற வேகத்தில் முகம் வலதுபக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பியது.

அங்கேயே நின்றுவிட்டது.

எதிரே சுவரில்தான் இப்போது அந்தக் கறுப்பு ஓட்டை. ஆனால் கண்ணின் ஓரத்தில், சுவருக்குப் பக்கத்தில், சலேத்மேரியின் முகம் வந்திருந்தது. கலங்கலாகத்தான். மூக்குத்தி இருந்தது. கன்னத்து மச்சம் இருந்தது. அது போய்விடக் கூடாதே என்று அருளப்பன் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

“என்ன இது” என்றாள் சலேத்மேரி. “எம்மூஞ்சிய விட்டுட்டுச் சுவத்துல என்னத்தப் பாக்கிய?”

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

“நீ எம்மேல கோவமா இருக்கன்னுல்லாட்டி நெனச்சேன். அதான் திருப்பிக்கிடுதன்னு.”

“கோவந்தான். அது இன்னும் இருக்கு.” அவளும் சுவரைப் பார்த்தபடியேதான் இருந்தாள். “அதுக்காக? உங்க மூஞ்சியப் பாக்காம நான் எப்படிக் கோவப்பட?”

அருளப்பனின் தோள் குலுங்கியது. கண்ணாடிக்குள் எல்லாம் நனைந்துபோயிற்று. இப்போது ஓரத்திலும் ஒன்றும் தெரியவில்லை. துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றப் போனார்.

ஷமீமா ஏணியை மடக்கிக்கொண்டிருந்தாள்.

“கழட்டாதீங்க அண்ணாச்சி” என்றாள். “அவங்களால கழட்ட முடியாதுல்லா. கொஞ்ச நேரம் கூட இருங்க.”