குண்டுகரிச்சான் வீட்டு வாசற்படி

பறவை சொல்வது மனிதனுக்கும் மனிதன் சொல்வது பறவைக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், பாடும்போதுகூடக் குண்டுகரிச்சானின் வால் அசையாது.

கதவு ஒன்றுக்கு மரம் தேவைப்பட்டதால் கொம்பையா ஆசாரி தன் கொல்லையில் நின்ற பூவரசை வெட்டினார். மரம் விழுந்த பிறகுதான் அதில் பொந்து இருந்தது தெரிந்தது. பொந்துக்குள் வேரும் நாருமாகப் பாதிக் கூடு கிடந்தது.

அதைக் கட்டிக்கொண்டிருந்த கரிச்சான் நேராகப் பட்டறைக்குள் வந்து, மரம் சீவும் இழைப்புளியின் மேல் உட்கார்ந்தது.

"வீட்டை இடிச்சது நீர்தானே?"

"பொந்து இருந்தது தெரியலைம்மா."

"முட்டை வயித்துல இருக்கு. உமக்குத் தெரியலைன்னு அது காத்துக்கிட்டு இருக்குமா?"

ஆசாரியின் மனைவி ஆவுடையம்மாள் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "நல்லாக் கேளு. வெட்டுறதுக்கு முந்தி ஒரு தரம் அண்ணாந்து பாருங்கன்னு நானும் சொன்னேன்."

கரிச்சானுக்கு ஒரு வீடு செய்ய ஆசாரி அந்தப் பூவரசிலேயே பலகை அறுத்தார். கரிச்சான் மரம் அறுக்கும் வாள் மேல் உட்கார்ந்தது, சுத்தியல் மேல் உட்கார்ந்தது, அவர் தோளிலும் உட்கார்ந்தது. "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அவசரம் ஆசாரியின் கைக்கும் தொற்றியது. பெட்டி எழுந்தது. மழைநீர் வழியச் சரிந்த கூரை. முகப்பில் வட்டமாக ஒரு வாசல். கரிச்சான் உள்ளே நுழையப் போனது.

"பொறு. இன்னும் வாசற்படி வைக்கலை."

"எனக்கு எதுக்குப் படி? ரெக்கை இருக்கே."

"வாசல்னா படி உண்டு. கொம்பையா படி இல்லாம வீடு கட்டினான்னு ஊர் சிரிக்கணுமா?"

"குடியிருக்கப் போறது நானா, ஊரா?" என்றது கரிச்சான். ஆனால் வயிறு கனத்தது. வாதாட நேரமில்லை. "சரி, சீக்கிரம் அடியும்."

வாசலுக்குக் கீழே ஒரு பூவரசங்குச்சியை அடித்து இறுக்கினார் ஆசாரி. தள்ளி நின்று பார்த்தார். அவருக்குத் திருப்தி. பெட்டி மாமரத்தில் ஏறியது. கரிச்சான் அதில் முட்டைகளை இட்டது.

ஒரு காலையில் அது புழு தேடிப் போயிருந்தபோது காக்கை வந்தது. குச்சியின் மேல் நன்றாகக் காலூன்றி நின்றது.

"ஏய், அங்கே உனக்கென்ன வேலை?" ஆசாரி பட்டறையிலிருந்து கத்தினார்.

"படி போட்டிருக்கே ஆசாரி. வாறவங்க நிக்கத்தானே?" என்றது காக்கை. தலையை உள்ளே விட்டது.

சுத்தியலை வீசிவிட்டு ஆசாரி ஓடினார். காக்கை வாயில் ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டுதான் பறந்தது. ஆசாரி பார்ப்பதற்கு முன்பே மற்றவற்றை அது தின்றிருந்தது. உள்ளே மிஞ்சியது ஒன்றே ஒன்று.

திரும்பி வந்த கரிச்சான் வாசலில் எட்டிப் பார்த்தது. பிறகு, "படியை எடும்" என்றது.

ஆசாரி குச்சியைப் பலகையோடு ஒட்ட அறுத்தெறிந்தார். "இனிமே பயமில்லை."

"பூவரசாச்சே. வெட்டின இடத்துல துளிர்க்குமே?"

"இழைச்ச மரம் துளிர்க்காதும்மா. நான் சொல்றேன்."

"படி வேணும்னும் நீர்தான் சொன்னீரு."

ஆசாரி கீழே விழுந்த குச்சியைப் பொறுக்கிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினார்.

மிஞ்சிய முட்டையின் மேல் கரிச்சானால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. சற்றைக்கொரு தரம் வெளியே வரும். வாசல் விளிம்பைப் பற்றிக்கொண்டு வாலைக் கீழே இறக்கி, குச்சி முளைத்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். ஒன்றும் தட்டுப்படாது. வாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். உடனே சந்தேகம் வந்துவிடும். மறுபடி வெளியே வரும்.

அந்த முட்டை பொரிந்தது. குஞ்சு பறக்கக் கற்பதற்கு முன்பே தாயைப் பார்த்து வாலை இறக்கி ஏற்றக் கற்றுக்கொண்டது.

கொம்பையா ஆசாரி அதற்குப் பிறகு செய்த பறவைப் பெட்டி எதிலும் வாசலுக்குக் கீழே குச்சி கிடையாது. கரிச்சான் அதையும் நம்பவில்லை. அன்று தொடங்கியதுதான், எந்தக் கிளையில் உட்கார்ந்தாலும், பாட்டின் நடுவில்கூட, குண்டுகரிச்சான் வாலைத் தாழ்த்தித் தாழ்த்தித் தூக்குவது.