எட்டாவது தடத்தின் கோடு

கல்லூரி திறந்து மூன்றாவது வாரமே பவதாரிணி பெட்டியோடு ஊர் திரும்பினாள். வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேரே பழைய பள்ளி மைதானத்துக்கு வந்தாள்.

அங்கே ஞானம் டீச்சர் மாவட்ட ஓட்டப் போட்டிக்காகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பவதாரிணிக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவர். முழங்கை வரை சுண்ணாம்பு. நிமிர்ந்து பெட்டியைத்தான் முதலில் பார்த்தார்.

"என்ன டாக்டரம்மா, அதுக்குள்ள லீவா?"

"படிப்பை விட்டுட்டு வந்துட்டேன் டீச்சர்."

"சரி. சாப்பிட்டியா?"

"டீச்சர்!"

"காது கேக்குது. சொல்லு."

"அங்க யாரும் பேரைக் கேக்குறதில்ல. கட்-ஆஃப் எவ்வளவுன்னுதான் கேக்குறாங்க. மார்க்கைச் சொன்னா போதும், சாதி தெரிஞ்சிடும். நேத்து மெஸ்ஸுல ஒரு சீனியர் கேட்டான். சொன்னேன். 'நான் ஓ.சி., நீ ஓசி'ன்னான். மேசையே சிரிச்சுது."

பொதுப் பட்டியலுக்குக் கல்லூரியில் ஓ.சி. என்று பெயர். சும்மா கிடைப்பதற்கு ஊரெல்லாம் ஓசி என்று பெயர்.

"நீ என்ன சொன்னே?"

"பாதிச் சோத்தோட எழுந்து வந்துட்டேன். அவன் சொன்னது நிஜமா டீச்சர்? என் சீட்டு ஓசியா?"

டீச்சர் சுண்ணாம்பு டப்பாவை நீட்டினார்.

"நானூறு மீட்டர். எட்டுத் தடத்துக்கும் ஆரம்பக் கோடு போடு. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

பவதாரிணி முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். முதல் தடத்துக்கு ஒரு கோடு. இரண்டாவதுக்கு அதைவிடச் சற்று முன்னால். அப்படியே தள்ளித் தள்ளி, எட்டாவது கோடு வெகுதூரம் முன்னால் போய் விழுந்தது. பள்ளியில் அவள் ஓடிய தடம் அதுதான்.

டீச்சர் வந்தார். எட்டுக் கோட்டையும் செருப்பால் தேய்த்து அழித்தார். பிறகு முதல் தடத்திலிருந்து எட்டாவது வரைக்கும் குறுக்கே ஒரே ஒரு கோடு இழுத்தார்.

"இப்பப் பாரு. யாரும் முன்னாடி இல்ல, பின்னாடி இல்ல. எல்லாருக்கும் ஒரே கோடு."

"விளையாடுறீங்களா? வெளித் தடத்துக்கு வளைவு பெருசு டீச்சர். இங்க நின்னா எட்டாவது தடத்துப் பொண்ணு ஐம்பது மீட்டர் கூட ஓடணும்!"

"கோடு நேராத்தானே இருக்கு?"

"கோடு நேரா இருந்து என்ன? தடம் வளைஞ்சில்ல கிடக்கு!"

சொன்ன வேகத்தில் அவளே வாயை மூடிக்கொண்டாள்.

"உன் முதல் போட்டிக்கு உங்கம்மா வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. சூளையிலேர்ந்து செங்கல் தூசியோட வந்தாங்க. நீங்க விசிலை வாயில வச்சிட்டீங்க. அம்மா தடத்துக்குள்ள ஓடி வந்து என் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. 'பின்னாடி வாடி, எல்லாப் பிள்ளைங்களும் அங்க நிக்குது. நமக்கு ஓசியில எதுவும் வேண்டாம்'னு."

"நீ பின்னாடி போனியா?"

"இல்லையே. 'இது என் கோடும்மா'ன்னேன்."

"அப்புறம்?"

"ஜெயிச்சேன். அந்த மெடலை அம்மா ஒரு வாரம் கழட்டல டீச்சர். சூளைக்கும் கழுத்துல போட்டுக்கிட்டே போனாங்க."

டீச்சர் டப்பாவைத் தரையில் வைத்தார்.

பவதாரிணி அந்த நேர்க்கோட்டைக் காலால் அழித்தாள். கேட்காமலே எட்டுக் கோட்டையும் மறுபடி போட்டாள். எட்டாவதை மட்டும் இரண்டு முறை இழுத்தாள். பிறகு பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்புறேன். அவன் மறுபடியும் கேட்டா என்ன டீச்சர் சொல்றது?"

டீச்சர் கைச் சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"முடியுற கோடு எங்க இருக்கு?"

"அது எட்டுப் பேருக்கும் ஒண்ணுதானே டீச்சர்."

"அங்க பார்க்கலாம்னு சொல்லு."